இடையில் வெளியேறலாமா? செய்நிரற் கலையில் ஒரு வழக்கின் வரலாறு

மாவடிப்பள்ளி வயல்வெளியிலே ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு நீர் செல்வதற்காக வரம்பில் வெட்டி வைக்கும் வாய்க்கு வக்கடை என்று பெயர். வக்கடை எங்கே இருக்கின்றது என்பது அக்கண்டத்தில் வேளாண்மை செய்வார் அனைவருக்கும் தெரியும். நீர் எவ்வழியாக வந்தது, எவ்வழியாகப் போகும் என்பதை வரம்பில் நின்று பார்த்தே சொல்லிவிடலாம். இரவோடிரவாக ஒருவர் தமக்கு வசதியான இடத்தில் வரம்பை வெட்டிவிட்டாலும் நீர் போகத்தான் செய்யும். ஆனால் காலையில் வருபவருக்குத் தம் வயல் ஏன் வற்றிற்று, அடுத்தவர் வயல் ஏன் நிரம்பிற்று என்பது விளங்காது. கணினிக்குக் கட்டளை எழுதும் கலையிலும் இதற்கு ஒப்பான வழக்கொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வந்திருக்கிறது. வழக்காடியவர்கள் பெரும் பேராசிரியர்கள். தீர்ப்பின் விளைவை அனுபவிப்பவர்களோ, பெரும்பாலும் பாடசாலை மாணவர்கள்.

கணினி தானாகச் சிந்திப்பதன்று. மனிதர் எழுதி வைத்த கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுவதே அதன் தொழில். அக்கட்டளைகளின் நிரையைச் செய்நிரல் என்பர். வர்க்கமூலம் காண்பதைப் போல் பல இடங்களில் தேவைப்படும் ஒரு வேலையை ஒருமுறை மட்டும் தனியே எழுதி வைத்து, வேண்டியபோதெல்லாம் அழைத்துக்கொள்வதுண்டு, அது துணைநிரல். இனி, வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும் கணினியை, இவ்விடம் விட்டு அவ்விடத்துக்குப் போ என்று திருப்பிவிடும் கட்டளை ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘கோ-டூ’. இந்தக் கட்டளையை எழுதலாமா என்பது வழக்கின் ஒரு கேள்வி. துணைநிரலின் கடைசி வரிக்கு வருமுன்னரே, விடை கிடைத்த மாத்திரத்தில், அழைத்த இடத்துக்குத் திரும்பிவிடலாமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அவற்றை ஒன்றென மயங்கியதாற்றான் வழக்கு இத்துணை நீண்டது.

கல்லோயா அபிவிருத்திச் சபைக்கான சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு 1949. அதே ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணினி முதன்முறையாக ஓடி, எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டது. சில வாரங்களுக்குள் வில்க்ஸ் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்: தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தாம் எழுதும் செய்நிரல்களிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியும் என்பது அது. பிழையைக் குறைக்கும் வழி, ஒருமுறை சரிபார்த்த துண்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. அவருடைய மாணவரான டேவிட் வீலர் அதற்கொரு வழியைக் கண்டார்.

எட்சாக் பொறியில் ‘துணைநிரலை அழை’ என்றொரு கட்டளை கிடையாது. தாவுவதற்கான கட்டளை மட்டுமே உண்டு. தாவிச் சென்ற பின் எங்கே திரும்புவது என்பதைப் பொறி நினைவில் வைத்திராது. வீலர் செய்தது இதுதான். அழைக்கும் இடம், தாவுமுன் தன் முகவரியைக் கணினியின் கைவசம் கொடுத்தனுப்பும். துணைநிரலின் முதற் சில கட்டளைகள் அம்முகவரியை வாங்கி, அதிலிருந்து திரும்பித் தாவும் கட்டளையொன்றை உருவாக்கி, துணைநிரலின் கடைசி வரியில் நட்டுவிடும். வேலை முடிந்து கடைசி வரிக்கு வரும்போது, அங்கே வீடு திரும்பும் வழி ஆயத்தமாயிருக்கும். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951 இல் வெளியிட்ட நூல் இம்முறையை உலகறியச் செய்தது. செய்நிரல் எழுதுதலைப் பற்றி நூல்வடிவில் வந்த முதலாவது ஆக்கம் அதுவே.

இங்கே கவனிக்க வேண்டியதொன்றுண்டு. திரும்பும் கட்டளை நடப்பட்டது ஒரே இடத்தில். ஆகவே இடையில் வெளியேற விரும்பியவரும் அந்தக் கடைசி வரிக்குத் தாவியே வெளியேற வேண்டும். துணைநிரலுக்கு ஒரே வாசல் என்ற வழக்கம் முதலில் எவருடைய கொள்கையினாலும் வந்ததன்று. பொறியின் அமைப்பினால் வந்தது. பிற்காலத்தில் அதனைக் கொள்கையாகப் போதித்தவர்களுட் பலர் இதை எண்ணிப் பார்க்கவில்லை.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் குழுவினர் ஆக்கிய போர்ட்ரான் மொழி 1957 இல் வெளிவந்தது. 1958 இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் துணைநிரலும் ‘ரிட்டேர்ன்’ என்ற கட்டளையும் சேர்ந்தன. வேண்டிய இடத்தில் ‘ரிட்டேர்ன்’ என்று எழுதிவிட்டு வெளியேறலாம். அதில் எவரும் குற்றங் காணவில்லை. குற்றம் வேறிடத்தில் வளர்ந்தது. கணக்கின் விடை எதிரெண்ணாயின் ஓரிடம், பூச்சியமாயின் ஓரிடம், நேரெண்ணாயின் ஓரிடம் என்று ஒரே வரியில் மூன்று திசைகளுக்குத் தாவும் கட்டளை போர்ட்ரானில் இருந்தது. பின்வந்த வகைகளில் துணைநிரலின் நடுவே புகுவதற்கும், அழைத்த இடத்துக்குத் திரும்பாது அழைத்தவர் குறித்த வேறோர் இடத்துக்குத் திரும்புவதற்கும் வழி செய்யப்பட்டது. வணிகக் கணக்குகளுக்காக எழுந்த கோபோல் மொழியிலோ, ஒரு ‘கோ-டூ’ எங்கே போகும் என்பதையே செய்நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் மாற்றிவிடும் கட்டளை ஒன்று இருந்தது. வரம்பை வெட்டியதோடு நில்லாது, வெட்டிய வாயை மணிக்கொருதரம் இடம் மாற்றி வைத்ததற்கு ஒப்பானது இது. இவ்வாறு எழுந்த செய்நிரல்களை மேலைநாட்டார் தம் நாட்டு நூற்சேமியாவின் பெயரால் அழைத்தனர். நம்மவருக்கு இடியப்பம் என்றால் போதும். எந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று விரலால் தொட்டுக் காட்ட எவராலும் இயலாது.

இதற்கிடையில் 1960 இல் ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடி அல்கோல் என்றொரு மொழியை வகுத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து ‘அல்கோரிதம்’ ஆயிற்று; அச்சொல்லிலிருந்து பிறந்ததே அல்கோல் என்ற பெயர். ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட கட்டளைகளைத் தொடக்கமும் முடிவும் காட்டி ஒரு தொகுதியாகக் கட்டி வைக்கும் முறையை அம்மொழி பரப்பியது. தாவாமலே பெரும்பாலான காரியங்களைச் செய்யலாம் என்பது அதனாற் புலனாயிற்று.

இனி வழக்கின் மூலப் பத்திரத்துக்கு வருவோம். ஒல்லாந்து தேசத்தில் ஐந்தோவன் தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, ‘கோ-டூ கூற்றுக்கு எதிரான ஒரு வழக்கு’ என்ற தலைப்பிற் சிறு கட்டுரை ஒன்றை அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் மாத இதழுக்கு அனுப்பினார். பதிப்பாசிரியராயிருந்த நிக்லாவுஸ் விர்த் அதனை விரைவில் வெளியிட விரும்பி, ஆசிரியருக்கு வந்த கடிதமாக மாற்றி, தலைப்பையும் தாமே மாற்றினார். தீங்கானதெனக் கருதப்படும் கோ-டூ என்ற பொருள்படும் அத்தலைப்போடு 1968 மார்ச் மாத இதழில் அது வெளிவந்தது. கடிதத்தைப் படித்தவரினும் தலைப்பை மட்டும் படித்தவரே பல்லாயிரவர். பத்திரிகைத் தலைப்பினால் கட்சி பிரிவது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று போலும்.

கடிதத்தின் வாதம் நுட்பமானது. மனிதன் அசையாப் பொருள்களின் தொடர்பை நன்கு உணர்வான். காலத்தோடு அசைந்து செல்லும் நிகழ்ச்சியைக் கற்பனையில் தொடர்வதில் அவனுக்கு ஆற்றல் குறைவு. செய்நிரல் தாளில் அசையாமற் கிடக்கிறது. அது ஓடும்போது நிகழ்வதோ காலத்தில் விரிகிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைப்பதே எழுதுபவன் கடமை. ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை ஒரு கணம் நிறுத்தி, இப்போது எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் விடை கூற முடியவேண்டும். வரிசையாகச் செல்லும்போது வரியெண்ணே விடை. மீள்செயலில் எத்தனையாவது சுற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணைநிரலுள் இருந்தால் யார் அழைத்து வந்தோம் என்பதையும் சேர்க்க வேண்டும். அவ்வளவு போதும். கட்டுக்கடங்காத ‘கோ-டூ’ புகுந்துவிட்டாலோ, வரியெண் தெரிந்தும் எவ்வழியாக அங்கே வந்தோம் என்பது தெரியாது. நிற்கும் இடத்துக்கு முகவரியே இல்லாமற் போய்விடும்.

இக்கடிதத்தில் இடையில் வெளியேறுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஆபத்து நேர்ந்தபோது வெளியேறுவதற்கு மட்டும் ‘கோ-டூ’வை ஒதுக்கலாம் என்று எவரோ, பெரும்பாலும் டோனி ஹோர் என்பவராக இருக்கலாம், முன்னர் கூறியதை டைக்ஸ்ட்ரா நினைவுகூர்கிறார். தாம் காட்டிய அமைப்புகள் எல்லாத் தேவைக்கும் போதும் என்று தாம் சாதிக்கவில்லை என்றும், வேலையை இடையில் முறித்துக்கொள்ளும் அமைப்புகள் சேர்க்கப்படினும் முகவரி கெடாதிருத்தலே வேண்டற்பாலது என்றும் எழுதுகிறார். கொராடோ போம், ஜுசெப்பே யாக்கோபினி என்ற இத்தாலியர் இருவர் 1966 இல் வெளியிட்ட ஆய்வில், எந்தப் பாய்ச்சற்படத்தையும் தாவலின்றி எழுதலாம் என்று நிறுவியிருந்தனர். அதனையும் அவர் குறிப்பிடுகிறார். ஆனால் இருக்கும் செய்நிரலை இயந்திரம் போல் அவ்வாறு மாற்றுவதை அவர் பரிந்துரைக்கவில்லை. மாற்றியது மூலத்தினும் தெளிவாயிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவர் கருத்து. பின்னர், 1972 இல் டாலும் ஹோரும் அவரும் இணைந்து வெளியிட்ட நூலில், மேலே ஒரு நுழைவும் கீழே ஒரு வெளியேற்றமும் உடைய அமைப்புகளைக் கொண்டே செய்நிரலைக் கட்டும் முறையை அவர் விரித்துரைத்தார் என்பதும் உண்மை. சீடர்கள் அந்த ஒருவாயில் விதியையும் கடிதத்தின் தலைப்பையும் சேர்த்துக் கட்டி, துணைநிரலில் ஒரு ‘ரிட்டேர்ன்’ தான் இருக்கலாம் என்ற கட்டளையாக்கினர். குருவின் நிபந்தனைகள் வகுப்பறைக்கு வந்து சேரவில்லை.

அக்கட்டளை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஆராய்ந்தவருள் நம் அயல்நாட்டவர் ஒருவரும் உளர். ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்று, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ராவ் கோசராஜூ என்பார், 1973 ஆம் ஆண்டளவில் ஒரு முடிவை நிறுவினார். தாவலை நீக்கி எழுதும்போது புதிதாக அடையாள மாறிகளை நுழைக்க வேண்டியிருக்கிறதல்லவா, அவற்றைத் தவிர்க்க வேண்டுமாயின், உள்ளடுக்கு மீள்செயல்களிலிருந்து ஒரேயடியாகப் பல படிகளைக் கடந்து வெளியேறும் உரிமை வேண்டும் என்பதே அது. இடைவெளியேற்றம் சோம்பேறியின் சலுகை அன்று, அதற்குத் தனி ஆற்றல் உண்டு என்பது கணிதமாகவே தெளிவாயிற்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வுல்ஃப் முதலியோர் ‘கோ-டூ’ இல்லாமலே பிளிஸ் என்றொரு மொழியை ஆக்கினர். அவர்களுக்கும் வெளியேறும் கட்டளை வேண்டியிருந்தது. 1974 டிசெம்பரில் டொனால்ட் கனூத் நீண்டதொரு கட்டுரை எழுதி, ‘கோ-டூ’ எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்று உதாரணங்களோடு எடைபோட்டார். நடுநிலை தவறாத கட்டுரை. ஆகவே இரு கட்சியாரும் அதனைத் தத்தமக்குச் சான்றாகக் காட்டினர்.

வழக்கு பாடசாலைக்குள் வந்தது பஸ்கால் மொழியின் வழியாக. கடிதத்துக்குத் தலைப்பு மாற்றிய அதே விர்த், மாணவருக்கென்று 1970 இல் வெளியிட்ட மொழி அது. அதில் ‘கோ-டூ’ உண்டு; ‘ரிட்டேர்ன்’ இல்லை. துணைநிரலின் முடிவுக்குச் சென்றே வெளியேற வேண்டும். இதனால் நேர்ந்த இடரை ஒரு வகுப்புப் பதிவேட்டைக் கொண்டு விளக்கலாம்.

பதிவேட்டில் 40 பெயர்கள். பாத்திமா என்ற பெயர் எத்தனையாவது என்று காணவேண்டும். மனிதர் எவரும் முதற் பெயரிலிருந்து விரல்வைத்துச் சென்று, பெயரைக் கண்டவுடன் நிறுத்திவிடுவர். காணாது பட்டியல் முடிந்தால், இல்லை என்பர். ‘ரிட்டேர்ன்’ உள்ள மொழியில் இதனை அப்படியே எழுதலாம். பஸ்காலில் எழுதும் மாணவரோ, 40 ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும், பெயர் பொருந்தாமலும் இருக்க வேண்டும், அதுவரை மேலே செல் என்று இரு நிபந்தனைகளைப் பிணைக்கத் தூண்டப்படுவர். பெயர் பட்டியலில் இல்லாதபோது எண் 41 ஆகும். பஸ்காலின் மூல விதிப்படி, முதல் நிபந்தனை பொய்த்தபின்னும் இரண்டாவதைக் கணினி பார்க்கக்கூடும். இல்லாத 41 ஆம் பெயரைத் தேடிப் போய்ச் செய்நிரல் விழுந்துவிடும். இதைத் தவிர்க்கக் ‘கண்டாயிற்று’ என்றோர் அடையாள மாறியை வைக்க வேண்டும். அதை எங்கே மாற்றுவது, மாற்றிய பின் எண்ணைக் கூட்டுவதா விடுவதா என்று அடுத்த தடுமாற்றம் தொடங்கும். இத்தகைய தேடுதலை மாணவரிடம் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்றை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் ரொபேர்ட்ஸ் 1995 இல் எடுத்துக்காட்டினார். கண்டவுடன் வெளியேறும்படி எழுதியவர்கள் சரியாக எழுதினர். ஒருவாயில் விதியைக் காத்தவர்களுட் பெரும்பாலோர் பிழைத்தனர். தெளிவுக்காகப் பிறந்த விதி தெளிவைக் கெடுத்தது.

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திற் பஸ்காலும், உயர்தரத்திற் பைதனும் கற்பிக்கப்பட்டு வந்ததனால், இந்த வழக்கின் இரு கட்சிகளும் ஒரே பிள்ளையின் புத்தகப் பைக்குள்ளேயே இருந்தன. ஓரிடத்தில் முடிவுக்குப் போயே தீரவேண்டும். மற்றோரிடத்தில் கண்டவுடன் திரும்பலாம். காரணம் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் பிள்ளைக்கு இரண்டும் இரு ஆசிரியர்களின் விருப்பு வெறுப்பாகவே தோன்றும். சரியான விடை எழுதியும், நடுவில் ‘ரிட்டேர்ன்’ வந்ததே என்று புள்ளி குறைக்கப்பட்டால், அப்பிள்ளை கற்றுக்கொள்வது கணினியை அன்று.

இடைவெளியேற்றத்தால் ஆபத்தே இல்லை என்று கொள்ளவும் வேண்டாம். 1990 ஜனவரி 15 இல் அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி வலையமைப்பின் 114 நிலையங்கள் மாறி மாறி விழுந்தெழும்பின. ஒன்பது மணி நேரம் தொலைதூர அழைப்புகள் குழம்பின. சீ மொழியில் எழுதிய செய்நிரலில் ‘பிறேக்’ என்ற வெளியேறும் கட்டளை ஒன்று தவறான இடத்தில் இருந்ததே காரணம். ‘கோ-டூ’ அங்கில்லை.

2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்தில் எதிரே இருப்பது உண்மையான வங்கிதானா, வேடதாரியா என்று சரிபார்க்கும் துணைநிரல் அது. ஒவ்வொரு சோதனையின் பின்னும், பிழை கண்டால் முடிவுக்குப் போ என்று ‘கோ-டூ’ எழுதப்பட்டிருந்தது. ஓரிடத்தில் அந்த வரி இரண்டு முறை விழுந்துவிட்டது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதற்கு நிபந்தனை இல்லை. உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனையின் கீழ் இருப்பன போலவே தோன்றின. கணினியோ இரண்டாம் வரியில் எப்போதும் தாவி, கடைசிச் சோதனையாகிய கையொப்பச் சோதனையைச் செய்யாமலே, பிழை இல்லை என்று அறிவித்து வெளியேறியது. ‘கோ-டூ’வின் தீமைக்கு இதுவே சாட்சி என்று பலர் முழங்கினர். ஆயின் அவ்விடத்தில் ‘ரிட்டேர்ன்’ இரண்டு முறை எழுதப்பட்டிருந்தாலும் அதே விளைவுதான். தாளில் தெரிவதற்கும் ஓடும்போது நிகழ்வதற்கும் இடையேயுள்ள தூரம் என்று டைக்ஸ்ட்ரா 1968 இல் எழுதினாரே, அது அந்த ஒரு வரியின் அகலத்தில் இருந்தது.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. உலகெங்கும் வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவை எழுதுவோர், வாங்கிய நினைவிடத்தையும் பூட்டிய பூட்டுகளையும் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுவதற்காக, துணைநிரலின் அடியிலுள்ள ஓரிடத்துக்குத் தாவ ‘கோ-டூ’வையே பயன்படுத்துகின்றனர், அவர்களது எழுத்துநடைக் கையேடும் அதனை ஏற்கிறது. ஒருவாயில் விதியைக் காப்பதற்கே ‘கோ-டூ’ காவலாளியாக வந்து நிற்கிறது. அத்தாவல்கள் எல்லாம் கீழ்நோக்கியே செல்வன. எங்கே போய்ச் சேரும் என்பது பெயரிலேயே தெரியும். ஊரறிந்த வக்கடை அது.

ஜாவா மொழியை 1995 இல் வெளியிட்டவர்கள் ‘கோ-டூ’ என்ற சொல்லை மொழியின் ஒதுக்கிய சொற்களுள் வைத்தார்கள். ஆனால் அதற்கு ஒரு தொழிலும் கொடுக்கவில்லை. பைதன் மொழியிற் சொல்லே கிடையாது. மாவடிப்பள்ளியிலிருந்து உயர்தரம் கற்கச் செல்லும் மாணவி அதனை எழுத விரும்பினாலும் இயலாது. ‘ரிட்டேர்ன்’ மட்டும், பதிவேட்டில் பெயரைக் கண்ட இடத்தில், அவள் எழுதலாம்.